நீலப் பாசிக்கு நடுவே ஒரு கருகமணி

மே 27, செவ்வாய்

இத்தாவில் இருப்பவளைப் பார்க்க வருகிறவர்கள் பேரீச்சம்பழம் கொண்டு வருவார்கள், இல்லையென்றால் ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணி. என் அலமாரியில் இப்போது கடை போடும் அளவுக்குத் தஸ்பீஹ் சேர்ந்துவிட்டது. நாலு மாசம் பத்து நாள் வெள்ளைச் சேலை, நகை கிடையாது, வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. மாப்பிள்ளையை இழந்தவளுக்கு இதுதான் கணக்கு. வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, உம்மா வைக்கும் வட்டிலப்பத்தை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

என் தங்கை நஸ்ரினுக்குத்தான் கொஞ்சம் மூளை இருக்கிறது. கல்லூரி விட்டு வரும்போது ராமநாதபுரத்தில் ஒரு பாசிமணி டப்பா வாங்கி வந்தாள். வீட்டிலேயே கைச்சங்கிலி செய்யலாம், முதல்முறை செய்பவர்களுக்கு ஏற்றது என்று மூடியில் போட்டிருக்கிறது.

உம்மா கத்தினாள். “இத்தாவுல இருக்குற புள்ளைக்கு நகை செய்ற சாமானா? கேக்குறவங்க என்ன சொல்லுவாங்க?”

“போடத்தான் கூடாதும்மா. கோக்கக் கூடாதுன்னு எந்த ஆலிம்சா சொன்னாஹ?” என்றாள் நஸ்ரின்.

உம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். தோற்கும்போதெல்லாம் அவளுக்கு அங்கே வேலை வந்துவிடும்.

டப்பாவில் நீலம், வெள்ளை, மஞ்சள், பச்சைப் பாசிகள். இழுத்தால் நீளும் ரப்பர் நூல். குட்டிக் குட்டி வளையங்கள், சப்பை மூக்குள்ள ஒரு குறடு. சங்கிலியில் தொங்கவிட மீன், இலை, பிறை, சாவி, காப்பிக் கோப்பை. ஒரு நங்கூரமும் இருந்தது. அதை நஸ்ரின் மெதுவாக எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மே 28, புதன்

மணிக்கட்டின் அளவுக்குச் சரியாக நூலை வெட்டினேன். முடிச்சுப் போட இடமில்லாமல் நூல் கையை விட்டு நழுவி, பாசி அத்தனையும் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. சாயங்காலம் வரை விளக்குமாறும் கையுமாக இருந்தேன்.

கற்றுக்கொண்டது: நூலை இரண்டு மடங்கு நீளமாக வெட்ட வேண்டும். ஒரு நுனியில் ஒட்டுத்தாளைச் சுற்றிவிட்டால் பாசி ஓடாது. கோர்ப்பதற்கு முன் நூலை நன்றாக இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு தொளதொளவென்று ஆகிவிடும்.

மே 30, வெள்ளி

வளையத்தைத் திறப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு பக்கமும் விரித்து இழுத்தால் வட்டம் கெட்டுப்போகும். ஒரு நுனியை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் திருக வேண்டும், கதவைத் திறக்கிற மாதிரி. உருவத்தை மாட்டிவிட்டு அதே வழியில் திருகி மூட வேண்டும். நான்கு வளையத்தைக் கெடுத்த பிறகு கை பழகியது.

பெரியம்மா வந்து வழக்கம்போல ஆரம்பித்தாள். “அந்தக் கப்பலு முங்குறப்ப நம்ம காசிமு இன்ஜின் ரூம்லதான இருந்திருக்கான். பாவி புள்ள, மேல வர வழியே இல்லையே.” நீந்திக் கரை சேர்ந்த இருவரும் அப்படித்தான் சொன்னார்களாம். மற்றவர்களின் உடல், மையத்து, கிடைத்தது. என் மாப்பிள்ளையுடையது கிடைக்கவில்லை. வாப்பாவும் ஜமாஅத்துப் பெரியவர்களும் பேசி முடிவு செய்து, பள்ளிவாசலில் மையத்து இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதுவிட்டு வந்தார்கள். அன்றைக்கே நடுவீட்டில் என்னை உட்காரவைத்து உம்மா தாலியாக என் கழுத்திலிருந்த கருகமணியின் நூலை அறுத்தாள். மணிகளை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து என் பீரோவில் வைத்தார்கள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருக்கப் போகிறேன். இத்தனை பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 1, ஞாயிறு

முதல் கைச்சங்கிலியை முடித்துவிட்டேன்! நீலம் இரண்டு, வெள்ளை ஒன்று என்று வரிசை. நடுவில் மீன். முடிச்சின் மேல் ஒரு சொட்டு பசை விட்டு அதைப் பாசியின் துளைக்குள் இழுத்து மறைத்துவிட்டேன். எங்கே முடிந்திருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

நஸ்ரின் கையில் போட்டுப் பார்த்துவிட்டு, “ஒரு கருப்பு மணி வச்சிருக்கியே, அது நல்லாருக்கு லாத்தா” என்றாள்.

நான் வைக்கவில்லை. நீலப் பாசிகளுக்கு நடுவே பொடியாக ஒரு கருப்பு மணி இருந்தது. டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். அதில் கருப்பே கிடையாது.

ஜூன் 4, புதன்

பெருநாளுக்கு எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று உட்கார்ந்து கோர்த்தேன். பச்சையில் இலை, மஞ்சளில் காப்பிக் கோப்பை, வெள்ளையில் பிறை. ஒவ்வொன்றிலும் ஒரு கருப்பு. கோர்க்கும்போது கண்ணில் படுவதில்லை. முடித்து, கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் இருக்கிறது.

கண்ணேறு படாமல் இருக்க நானே வைத்ததாக எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். மத்தியானத் தூக்கக் கலக்கத்தில் கோர்த்தால் எதுதான் ஒழுங்காக வரும்?

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். எல்லாரும் புதுத்துணி, நான் பழைய வெள்ளை. பிரியாணி நன்றாக இருந்தது. கைச்சங்கிலிகள் எல்லாம் போய்விட்டன. பக்கத்து வீட்டு பல்கீஸ் லாத்தா மீன் வைத்ததை எடுத்துக்கொண்டாள். பெரியம்மாவின் மருமகள் ஹலீமாவுக்குப் பிறை. நஸ்ரின் இலை வைத்ததைப் போட்டுக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்கிறாள். மீதியைச் சொந்தக்காரப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஜூன் 12, வியாழன்

இன்று ஒன்றும் கோர்க்கவில்லை. விரல் நுனியெல்லாம் வலி.

ஜூன் 16, திங்கள்

பல்கீஸ் லாத்தா சங்கிலியைத் திருப்பிக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். “என்ன புள்ள பாசி இது? பீரோவுக்குள்ளதான் வச்சிருந்தேன். பாரு, கருவாடு மாதிரி உப்புப் பூத்துக் கெடக்கு.”

உண்மைதான். வளையம் துருப்பிடித்து, நூலில் வெள்ளையாக உப்பு ஏறியிருந்தது. மலிவுச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் போகாமல் நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“நேத்து மத்தியானம் லுஹர் நேரத்துல வாசல்ல யாரோ வந்து ‘டீச்சர் இருக்காங்களா’ன்னாக. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன், மொகத்தப் பாக்கல. இங்க டீச்சர் யாரும் இல்லன்னேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டாக. பொறவு பாத்தா படியெல்லாம் தண்ணி. வெயிலு அந்தக் கொளுத்துக் கொளுத்துது, படி மட்டும் ஈரமாக் கெடக்கு.”

யாராவது பள்ளிக்கூடத்து ஆளாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அதைச் சொல்லி என்னைக் கேலி செய்ய இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். கதவைச் சாத்திய பிறகுதான் அப்படிக் கூப்பிடுவார். எங்கள் ஊர் வழக்கப்படி இந்த வீட்டோடேயே இருந்தும், உம்மாவுக்குக்கூடத் தெரியாது.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயத்தினால் என்று எழுத வேண்டும். பயமில்லை.

ஜூன் 19, வியாழன்

ஹலீமா வீட்டிலும் அதே கேள்வி. அங்கேயும் படி நனைந்திருந்ததாம்.

நான் இன்று இரண்டு சங்கிலி முடித்தேன்.

ஜூன் 23, திங்கள்

உம்மா பழைய போர்வை எடுக்க என் பீரோவைத் திறக்கச் சொன்னாள். வெள்ளைத் துணி முடிச்சு கையில் பட்டிருக்கிறது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முடிச்சு முடிச்சாகவே இருந்தது, உள்ளே மணி பாதிகூட இல்லை.

“யாருடி எடுத்தா?”

“எனக்கென்ன தெரியும்?”

“சாவி யாருகிட்ட இருக்கு ரமீசா?”

சாவிக்கொத்து என் இடுப்பில்தான் இருக்கிறது. ராப்பகலாக அங்கேதான் இருக்கிறது. அதனால் என்ன? நான் அந்தத் துணியைத் தொடவேயில்லை. தொட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. உம்மா என் விரல் நுனிகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கருப்பு மணியின் துளை சின்னது, ரப்பர் நூல் லேசில் நுழையாது, ஊசி வைத்து நெம்ப வேண்டும். அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

உம்மா என் சாப்பாட்டை நஸ்ரினிடம் கொடுத்தனுப்பினாள்.

ஜூலை 2, புதன்

நஸ்ரினைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் சவூதியில் கணக்கு எழுதுகிற வேலை. கப்பல் இல்லை என்று வாப்பா இரண்டு தடவை சொன்னார், என் பக்கம் பார்க்காமல்.

அவளுக்குத் தலைவாரிவிடலாம் என்று பக்கத்தில் உட்காரவைத்தேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. இலைச் சங்கிலி போட்ட கை மட்டும்தான். விரல்கள் தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறியவை போல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

“எப்பத்துலேர்ந்து இப்புடி இருக்கு?”

“தெரியல லாத்தா. மத்தியானம் படுத்தா யாரோ கையப் புடிச்சிட்டு உக்காந்திருக்குற மாதிரி இருக்கு. பயமா இல்ல. ஆனா எந்திரிக்க முடியல.”

சொல்லிக்கொண்டே என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூக்கத்தில் அவள் வாயிலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது. கரகரப்பாக, தொண்டையில் எப்போதும் கொஞ்சம் சளி கட்டியிருக்கிற குரல். “டீச்சர் எங்க? இந்த வூடும் இல்லையா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவரிடம் வேறு என்ன அடையாளம் இருக்கிறது? கல்யாணத்தன்று என் கழுத்தில் கட்டிய மணிதான். அதை நான் ஊரெல்லாம் ஒவ்வொன்றாகச் சிதறவிட்டிருக்கிறேன். கருகமணி இருக்கிற வீடெல்லாம் தன் வீடு என்று நினைத்து அவர் வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார். கடைசியில் என் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

குறட்டால் அந்த நூலை வெட்டினேன். சாயங்காலம் அஸருக்குள் கையில் சூடு வந்துவிட்டது. காய்ச்சல் மட்டும் இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

நான் வாசல் தாண்ட முடியாது. பல்கீஸ் லாத்தாவை அனுப்பி எல்லாச் சங்கிலியையும் திரும்ப வாங்கிவரச் சொன்னேன். சாமான் சரியில்லை, வேறு செய்து தருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். ஒருத்தரும் மறுக்கவில்லையாம். கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்களாம்.

ஜூலை 6, ஞாயிறு

எல்லாவற்றையும் வெட்டி, கருப்பு மணிகளை மட்டும் பிரித்து, துணி முடிச்சில் மிச்சமிருந்தவற்றோடு சேர்த்துக் கெட்டியான பருத்தி நூலில் கோர்த்தேன். ரப்பர் நூல் வேண்டாம். கருகமணியை இழுத்து நீட்டிப் போடுவது கிடையாது.

கழுத்தில் கட்டி, முக்காட்டால் மறைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்க்கவில்லை. கையால் தடவிப் பார்த்தேன். போதும்.

ஜூலை 10, வியாழன்

வேறு எந்த வீட்டுக்கும் போவதில்லை. நேராக இங்கேதான் வருகிறார்.

லுஹர் முடிந்து வீடு உறங்குகிற நேரம். முதல் நாள் வெளிக் கதவு வரை. மறுநாள் கிணற்றடி. இன்று என் அறைச் சன்னலுக்கு வெளியே. சன்னல் திரைக்கு அந்தப் பக்கம் நிழல் விழுகிறது. இருமுகிறார். சட்டையிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்கிறது. நான் ஒன்றும் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை. திரையை விலக்கவும் இல்லை. இத்தனை மாசத்தில் நான் நிம்மதியாக மூச்சு விட்டது இந்த நாட்களில்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சாப்பாட்டுக்கு மாசிக் கருவாடு போட்டு ஆணம் வைத்தேன். அவருக்குப் பிடிக்கும். ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைத்ததை உம்மா பார்த்தாள்.

ஜூலை 14, திங்கள்

கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. வாப்பா கோடை என்கிறார். சன்னலுக்கு வெளியே இருந்த மருதாணிச் செடி அடியோடு கருகிவிட்டது. நஸ்ரினுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, வாயெல்லாம் உப்புக் கரிக்கிறது என்கிறாள். பெண் பார்க்க வருவதைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

உம்மா என் முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“ஒரு தடவ நான் அறுத்தேன். அன்னைக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவ என்னால ஆகாது. நீயா கழட்டுனாத்தான் உண்டு.”

அவள் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனாலும் கழற்றவில்லை.

ஜூலை 16, புதன்

இன்று நானே கேட்டேன். “ஏன் வெளியவே நிக்கிறீங்க?”

முதலில் இருமினார். பிறகு பேசினார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போன பிறகு ஒரு பிள்ளை தனியாக நிற்குமே, அந்தக் குரல்.

“மத்தவங்கள எல்லாம் விட்டுட்டாங்க டீச்சர். அன்னைக்கே விட்டுட்டாங்க. என்னைய மட்டும் நிக்க வச்சிருக்காங்க. உள்ளயா, போறதான்னு நீங்கதான் சொல்லணுமாம்.”

“யாரு சொன்னா?”

“தெரியல. குளிருது டீச்சர். ரொம்பக் குளிருது.”

அவருக்குக் குளிர் தாங்காது. மார்கழியில் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு தூங்குகிற மனிதர். இத்தனை நாளும் அவர் என்னைத் தேடி வருகிறார் என்று நினைத்துச் சந்தோஷமாக இருந்தேன். நான் பிடித்து வைத்திருப்பதால்தான் நிற்கிறார் என்று தோன்றவேயில்லை. குளிப்பாட்டாமல், கஃபன் துணி போடாமல் அனுப்பிய ஆளை இன்னும் ஈரத்தோடு நிறுத்தி வைத்திருப்பது நான்தான்.

ஜூலை 17, வியாழன்

‘வாங்க’ என்று சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. உள்ளே வந்துவிடுவார். கிணறு உப்பானால் ஆகட்டும், லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம்.

பக்கத்து அறையில் நஸ்ரின் இருமுகிறாள். அது அவள் இருமல் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

இன்று பொழுது சாய்ந்து மஃரிபோடு என் இத்தா முடிகிறது. உம்மா பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வாப்பா ஜும்ஆவுக்குப் போய்விட்டார். தெருவில் ஓர் ஆண் இல்லை. பள்ளிவாசலிலிருந்து குத்பாப் பிரசங்கம் மட்டும் கேட்டது.

இன்று சன்னலுக்கு வரவில்லை. வாசலுக்கு வந்தார். கதவை இரண்டு தடவை தட்டினார். பயணம் முடிந்து வரும்போதெல்லாம் அப்படித்தான் தட்டுவார்.

“டீச்சர் இருக்காங்களா?”

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கதவுக்கடியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்து என் காலை நனைத்தது. கடல் தண்ணீர் வாசனை. தாழ்ப்பாளில் கை வைத்தேன். அதை எடுத்துவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மறு கையில் குறடு இருந்தது. கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நூலை நானே வெட்டினேன். மணிகள் சட்டைக்குள்ளும் தரையிலுமாக உதிர்ந்தன. ஒன்றைக்கூடக் குனிந்து பிடிக்கவில்லை.

கழுத்தில் கருகமணி இல்லாத பெண் வாசலில் நிற்கும் அந்நிய ஆணுக்கு எப்படிப் பதில் சொல்வாளோ அப்படிச் சொன்னேன். 

“வீட்டுல ஆம்பள யாரும் இல்ல.”

வெளியே சொட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

“அப்ப நான் போகட்டா டீச்சர்?”

ஒவ்வொரு பயணத்துக்கும் இதே வாசலில் நின்று, ‘டீச்சர்’ மட்டும் இல்லாமல், இதைத்தான் கேட்பார். நான் போயிட்டு வாங்க என்பேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம், கடைக்குப் போகிறவரிடம்கூட, வெறுமனே போங்க என்று என் வாயால் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. இப்போதும் அந்த ‘வாங்க’ பல்லுக்குள் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நாக்கில் ரத்தம் வந்துவிட்டது.

“போங்க” என்றேன்.

படியிறங்கும் சத்தம் கேட்டது. நான்கு படி. பிறகு தெரு மண். பிறகு குத்பா முடிந்து தொழுகைக்கு இகாமத் சொல்லும் சத்தம்.

உம்மா மீன் கையோடு ஓடி வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து கத்தி அழுதுகொண்டிருந்தேன்.